டர்பன் கடற்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டர்பனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? அந்த ஊரில் கடல் காலையில்தான் நம்மோடு ஒத்துப்போகும். பத்து மணிக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் மணலில் இறங்குகிறவர்கள், கொந்தளிக்கும் தண்ணீரையும் கண்ணில் அடிக்கும் மணலையும் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று திரும்புகிறார்கள். அதே மணலில் ஐந்தரை மணிக்கு நின்றிருந்தால் அவர்கள் பார்த்திருக்கக்கூடியது வேறு ஊர். ஆகவே இந்த வழிகாட்டியைக் கடலின் நேரத்தை ஒட்டியே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருக்கிறது டர்பன். சூலு மொழியில் எத்தெக்வினி. தென்னாப்பிரிக்கா என்றதும் பலர் கேப் டவுனின் நடுங்க வைக்கும் தண்ணீரை நினைத்துக்கொள்கிறார்கள். டர்பன் அப்படி இல்லை. வடக்கிலிருந்து வெதுவெதுப்பாக இறங்கிவரும் அகுல்யாஸ் நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. குளிர்காலத்திலும் கடல்நீர் 20 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. கோடையில் 25ஐத் தொடும்.

1. முதலில் மாதம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை: பகலில் 28 டிகிரி போலத்தான் இருக்கும், ஆனால் சென்னைவாசிக்குப் பழக்கமான அதே புழுக்கம். பிற்பகலில் இடியோடு மழை வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம் என்று பெயர். பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12. மழை குறைவு, வானம் தெளிவு. ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து மே கடைசி வரை போங்கள். கடலில் கோடையின் சூடு இன்னும் மிச்சமிருக்கும், கூட்டம் இருக்காது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை தவிர்த்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் காலம் அது. புத்தாண்டு அன்று மணலில் கால் வைக்க இடம் கிடைக்காது. அந்த நாட்களில்தான் போக முடியும் என்றால், கடற்கரையில் குழந்தைகள் கையில் கட்டிவிடும் அடையாளப் பட்டையைத் தவறாமல் கேட்டு வாங்கிக் கட்டுங்கள். பெற்றோர் தொலைபேசி எண்ணை அதில் எழுதிவிடுவார்கள்.

ஜூன், ஜூலையில் இன்னொரு விஷயம் நடக்கும். தெற்கிலிருந்து மத்தி மீன் கூட்டம் கோடிக்கணக்கில் கரையை ஒட்டி நீந்தி வரும். பின்னாலேயே டால்பின், சுறா, கடற்பறவை. வலை போடுகிறவர்களும் ஊர்க்காரர்களும் கூடையோடு தண்ணீருக்குள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அந்த வலைக்காரர்களில் பல குடும்பங்கள் நம் இந்திய வம்சாவளியில் வந்தவர்கள். ஆனால் மீன் எப்போது வரும், எந்தக் கரைக்கு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது; சில வருடம் கரையைத் தொடாமலே போய்விடும். அதை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

2. காகிதங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலாவாகக் குறுகிய காலம் போய்வர விசா வேண்டாம். விண்ணப்ப முறை அவ்வப்போது மாறுகிறது; அரசின் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். கடவுச்சீட்டு, நீங்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 30 நாளாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். குழந்தைகள் வந்தால், பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழில்தான் பலர் இடறுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் அது வேண்டாம். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகள் வழியாகப் போய், அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ வெளியே போய் வந்தாலோ கேட்பார்கள். டர்பனில் மலேரியா பயம் இல்லை. மாகாணத்தின் வடகோடிக் காடுகளுக்குப் போகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வந்து இறங்குவது

துபாய், தோஹா, ஜோகன்னஸ்பர்க் ஆகியவைதான் வழக்கமான வழிகள். ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடியும். பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். டர்பன் வரை பட்டை ஒட்டியிருக்கிறதே என்று பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் 2010இல் திறந்தது. நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். வெளியே வருவதற்குள் உள்ளேயே இரண்டு வேலைகளை முடியுங்கள். ஒன்று, சிம் கார்டு: கடவுச்சீட்டும் தங்கும் விடுதியின் முகவரியும் கேட்பார்கள். இரண்டு, கொஞ்சம் ராண்ட் நோட்டு. பெரும்பாலான இடங்களில் அட்டை செல்லும் என்றாலும், சில்லறை வேண்டியிருக்கும். நகரத்துக்கு ஊபர் அல்லது போல்ட் போதும். வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன.

சார்ஜர் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நம் வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய மூன்று முள் பிளக் இருக்கிறதே, அந்த ஊரில் பெரும்பாலும் அந்த அளவுதான். நம்மூர்ச் சின்ன பிளக்கை அதில் போட உதவும் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

4. எங்கே தங்குவது

இரண்டு தேர்வுதான். ஒன்று, ஊரின் கடற்கரைச் சாலை. அதன் பெயர் இப்போது ஓ.ஆர். டாம்போ பரேட், பழைய பெயர் மரைன் பரேட். கதவைத் திறந்தால் கடல். இன்னொன்று, வடக்கே பதினைந்து இருபது கிலோமீட்டரில் உள்ள உம்ஷ்லாங்கா: சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், புதிய கட்டடங்கள், இரவு உணவுக்குப் பிறகும் குடும்பத்தோடு நடக்கத் தோதான நடைபாதை. வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் இருந்தால் உம்ஷ்லாங்கா. விடியற்காலை நடையும் ஊரின் உயிரோட்டமும் வேண்டும் என்றால் நகரக் கடற்கரை. நான் நகரத்தைத்தான் சொல்வேன். ஆனால் கடலைப் பார்த்த அறை கிடைத்தால் மட்டும்.

தெருப்பெயர்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2008ஆம் ஆண்டு வாக்கில் நிறவெறிக்கும் காலனி ஆட்சிக்கும் எதிராக நின்றவர்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்தார்கள். வரைபடத்தில் புதிய பெயர் இருக்கும். வழி சொல்பவர் பழைய பெயரைச் சொல்வார். வெஸ்ட் ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமே. ஸ்மித் ஸ்ட்ரீட், ஆன்டன் லெம்பேடே. கிரே ஸ்ட்ரீட், டாக்டர் யூசுப் தாதூ. விக்டோரியா ஸ்ட்ரீட், பெர்த்தா ம்கீசே. பாயின்ட் ரோடு, மகாத்மா காந்தி ரோடு. இந்த ஐந்தையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டால் பாதித் தடுமாற்றம் தீர்ந்தது.

5. முதல் காலை

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் கடலிலிருந்து எழுந்துவிடும். ஜூனில் ஏழு மணியை ஒட்டி. அதற்கு அரை மணி முன்பு கீழே இறங்குங்கள். உங்களுக்கு முன்பே ஊர் விழித்திருக்கும்: ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு போகும் பள்ளிப் பையன்கள், கடலுக்குள் நீளும் பாலங்களில் தூண்டிலோடு நிற்கும் பெரியவர்கள்.

தெற்கே துறைமுக வாயிலை ஒட்டிய உஷாகா கடல்பூங்காவிலிருந்து வடக்கே உம்கேனி ஆற்றின் முகத்துவாரமான புளூ லகூன் வரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டருக்கு அகலமான நடைபாதை. இதன் நடுப்பகுதியைத்தான் கோல்டன் மைல் என்கிறார்கள். முதல் நாள் முழுதும் நடக்க வேண்டாம். நார்த் பீச்சிலிருந்து தெற்கே உஷாகா வரை ஒரு காலை, வடக்கே மோசஸ் மபீடா விளையாட்டரங்கம் பக்கம் ஒரு காலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய அந்த அரங்கத்தின் மேல் 106 மீட்டர் உயரத்தில் ஒரு வளைவு நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து கரை முழுவதும் தெரியும். மேலே ஏறும் வசதி அன்றைக்கு இயங்குகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இந்த மணலில் நடக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1989 நவம்பர் வரை இந்தக் கடற்கரை தோல் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. இந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நட்டிருந்தார்கள். இப்போது அந்த நடைபாதையில் உங்களோடு நடக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு, சிறுவயதில் தான் நுழைய முடியாத மணல் எது என்று நன்றாகவே தெரியும்.

6. கடலில் இறங்கும் முன்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. கால் நனைக்கப் போய், புடவையும் ஜீன்ஸும் நனைந்து கனத்து, அடுத்த அலையில் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விடுவது மெரினாவிலேயே நாம் பார்த்ததுதான். டர்பன் அலை இன்னும் பலமானது. உலகச் சாம்பியன் ஷான் டாம்சன் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்ட கரை அது. அலைப்பலகைக்காரருக்கு வரமாக இருக்கும் அலை, முழங்கால் தண்ணீரில் நிற்கும் பாட்டிக்கு ஆபத்து.

முதலில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் குளிக்கலாம். காற்றும் நீரோட்டமும் மாறும்போது கொடியையும் நகர்த்துவார்கள். காலையில் இருந்த இடத்தில் மதியம் இருக்காது. உயிர்காப்பாளர் பணியில் இல்லாத நேரத்தில் கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். சூரியோதயத்துக்கு முன் போகச் சொன்னேனே, அது நடக்கவும் பார்க்கவும். குளிப்பதற்கு அவர்கள் வந்து கொடி நட்ட பிறகு.

அடுத்து காற்று. விடியலில் காற்று அடங்கியிருக்கும், அல்லது நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். தண்ணீர் சீராக இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் பல நாட்களில் வடகிழக்குக் காற்று கிளம்பும். கடல் கலங்கும், மணல் பறக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் வானம் கறுத்து, வெப்பம் சட்டென்று இறங்கி, அலை ஆள் உயரத்துக்கு எழும்பும். அன்றைக்குக் கடலை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். நம் மீனவர்கள் வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்து நாளைத் திட்டமிடுவார்கள் அல்லவா, டர்பன்காரர்களும் அப்படித்தான். எங்கள் விடுதிக் காவலாளி ஜன்னலுக்கு வெளியே கொடியைப் பார்த்தே அன்றைய கடலைச் சொல்லிவிடுவார்.

கடலுக்குள் நீளும் பாலங்களின் ஓரத்தில் தண்ணீர் அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். இறங்க வசதியான இடம் என்று தோன்றும். அங்கேதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம் ஓடும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், சோர்ந்துபோவீர்கள். அந்த ஓட்டம் ஆளைக் கீழே அமுக்காது, தூரமாகத்தான் இழுக்கும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி அசையுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடம் வந்ததும் கரை திரும்புங்கள். வேறொருவர் மாட்டியிருந்தால் பின்னால் குதிக்காதீர்கள். சில கரைகளில் இளஞ்சிவப்பு மிதவை ஒன்று கம்பத்தில் தொங்கும். அதை எடுத்து அவரிடம் வீசுங்கள், 112ஐ அழையுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

சுறா பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 1957 டிசம்பரில் தொடங்கி அடுத்த சில மாதங்களில் இந்தக் கரையோரத்தில் அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்து பலர் இறந்தார்கள். டர்பனில் 1952லேயே வலை போட்டிருந்தார்கள். பிறகு மற்ற கரைகளுக்கும் பரப்பி, 1964இல் அதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். வலை என்றால் கரையை அடைத்துக் கட்டிய வேலி என்று நினைத்துவிட வேண்டாம். கரையிலிருந்து ஏறத்தாழ நானூறு மீட்டர் தள்ளி, 214 மீட்டர் நீளத்தில், ஆறு மீட்டர் ஆழத்துக்குத் துண்டு துண்டாகத் தொங்குகிறது. சுறா அதன் அடியிலும் பக்கத்திலும் போய்வர முடியும். எண்ணிக்கையைக் குறைப்பதால்தான் ஆபத்து குறைகிறது. அதற்கு விலையும் உண்டு: ஆமையும் டால்பினும் அதில் சிக்கிச் சாகின்றன. அதைக் குறைக்கத்தான் பல இடங்களில் வலைக்குப் பதில் தூண்டில் மிதவைகள் வந்திருக்கின்றன. உம்ஷ்லாங்காவில் இருக்கும் அந்த வாரியத்துக்கே போய் இதையெல்லாம் நேரில் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகளோடு போனால் அவசியம் போங்கள். நீங்கள் செய்ய வேண்டியது எளிது. வலையும் காவலும் உள்ள கரையில் மட்டும் குளியுங்கள்; அந்தி மங்கிய பிறகு வேண்டாம்; ஆற்று முகத்துவாரம் அருகிலும், தூண்டில் போடுகிறவர்கள் பக்கத்திலும் வேண்டாம். மத்தி மீன் வரும் காலத்தில் வலைகளைத் தூக்கிவிடுவார்கள், அப்போது குளிக்கத் தடை இருக்கும்.

சுறாவை விட உங்களுக்கு வாய்க்கக்கூடியது ப்ளூபாட்டில். கடல் பக்கமிருந்து காற்று வீசிய நாட்களில் மணலில் நீலக் குமிழிகளாகக் கிடக்கும். நம்மூர்ச் சொறிமுட்டை போல. அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். செத்துக் கிடந்தாலும் அதன் இழை கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள். கடல்நீரால் கழுவி, இழையை அகற்றி, பொறுக்கும் அளவு வெந்நீரில் அந்த இடத்தை இருபது நிமிடம் வையுங்கள். மூச்சுத் திணறினால் நேராக மருத்துவமனைதான்.

கடைசியாகத் தண்ணீரின் சுத்தம். 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கழிவுநீர்க் கட்டமைப்பும் உடைந்தது. அதன் பிறகு கரைகளை மூடுவதும் திறப்பதுமாக நெடுநாள் போனது. இப்போதும் பெருமழைக்குப் பின் சில கரைகளை மூடுவார்கள். நகராட்சி ஒவ்வொரு கரையின் நிலையையும் அறிவிக்கிறது. அன்று காலையில் அதைப் பாருங்கள். மழை பெய்து இரண்டு மூன்று நாள் ஆகும் வரை, கரை திறந்திருந்தாலும் நான் தலை நனைக்க மாட்டேன்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வடக்கே பல்லிட்டோ, சால்ட் ராக் பக்கம் பாறைகளுக்கு நடுவே அலை நிரப்பும் குளங்கள் உண்டு. நகரக் கடற்கரையிலேயே பிள்ளைகள் கால் நனைக்க ஆழமில்லாத குளங்கள் கட்டியிருக்கிறார்கள். என் அம்மா முழங்கால் வலியோடு வந்தபோது கடலை விட்டு அந்தக் குளத்து விளிம்பில்தான் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்தப் பயணத்தில் அவருக்குப் பிடித்த நேரம் அதுதான்.

7. கரையை விட்டு ஏறியதும்

டர்பனில் வழிப்பறி உண்டு, மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பயந்து அறையிலேயே கிடக்கவும் தேவையில்லை. தங்கச் சங்கிலி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லை என்றால் மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் கூட்டம் இருக்கும் வரை நடக்கலாம். இருட்டிய பின் கடற்கரைக்குப் பின்னால் உள்ள தெருக்களில் நடக்க வேண்டாம், இரண்டு தெரு தாண்டிப் போவதற்கும் ஊபர் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை விடுதி வாசலுக்கு உள்ளே நில்லுங்கள். தெருவோரம் நின்று கைபேசியில் வழி பார்க்காதீர்கள்.

பணம் எடுப்பது வணிக வளாகத்துக்குள் உள்ள ஏடிஎம்மில். உதவி செய்கிறேன் என்று வருபவர் யாராக இருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கார் எடுத்தால் இருக்கையில் பையை வைக்காதீர்கள். பூட்டிய பிறகு கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள், ரிமோட்டின் அலையைத் தடுத்துப் பூட்டாமல் செய்துவிடுகிற திருட்டு அங்கே உண்டு. மின்னும் சட்டையோடு வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்குத் திரும்பி வரும்போது சில ராண்ட் கொடுப்பது வழக்கம். உணவகத்தில் பத்து சதவீதம். காவல்துறை 10111.

கொம்பும் மணியும் வைத்த தலை அலங்காரத்தோடு ரிக்ஷா இழுப்பவர்களும், மணலில் சிற்பம் செய்பவர்களும் கடற்கரையில் இருப்பார்கள். படம் எடுக்கும் முன்பே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். அது அவர்கள் பிழைப்பு. ஒருவரைப் பார்த்தால் ‘சவுபோனா’, பலரைப் பார்த்தால் ‘சனிபோனானி’, நன்றிக்கு ‘ங்கியபோங்கா’. வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பது சூலு மக்களிடம் மரியாதைக் குறைவு.

8. மதியம்: நம் ஆட்களின் டர்பன்

காற்று கிளம்பியதும் கடலை விட்டு ஊருக்குள் வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு இந்தக் கரைக்கு வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் வந்தார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். டெர்பி ஸ்ட்ரீட்டில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கு முதலில் போங்கள். அதைப் பார்த்த பிறகு ஊரில் மற்றதெல்லாம் புரியும். கடைப் பலகைகளில் கோவெண்டர், மூட்லி, பிள்ளே, நாயுடூ, படையாச்சி என்று எழுதியிருக்கும். கவுண்டர், முதலி, பிள்ளை என்று சொன்னதை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர்கள்.

ஒரு வேண்டுகோள். அவர்களைப் பார்த்ததும் தமிழில் கடகடவென்று பேசி, பதில் வராவிட்டால் “தமிழ் மறந்துட்டீங்களா?” என்று கேட்காதீர்கள். பள்ளியில் சொல்லிக்கொடுக்காத, வேலைக்கு உதவாத மொழியை நூறு வருடத்துக்கு மேல் வீட்டிலும் கோயிலிலும் காப்பாற்றப் பாடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனால் புரட்டாசி வந்தால் வீடு வீடாக இறைச்சியை விடுகிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். “வணக்கம்” என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்து “வணக்கம்” என்பார்கள். அதற்குப் பிறகு அவர்களே அவர்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். கேளுங்கள்.

உம்கேனி ரோடு கோயில் வளாகம் ஊரின் பழைய கோயில்களில் ஒன்று. காலையில் போனால் பூசை பார்க்கலாம். தெற்கே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா ஈஸ்டர் விடுமுறையில் நடக்கிறது, பெருங்கூட்டம் கூடும். உங்கள் பயணம் அந்த வாரத்தில் அமைந்தால் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு பன்னி சௌ. ஸ்லைஸ் போடாத ரொட்டியின் நடுவைத் தோண்டிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். கடையில் “குவார்ட்டர் மட்டன்”, “குவார்ட்டர் பீன்ஸ்” என்று சொன்னால் போதும். கால் ரொட்டி அளவு என்று பொருள். முதல்முறை அதற்கு மேல் கேட்காதீர்கள், முடிக்க முடியாது. தோண்டியெடுத்த நடுத்துண்டை மேலே வைத்திருப்பார்கள், அதைக் குழம்பில் தோய்த்துத் தொடங்கி, சுவர்களைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே போக வேண்டும். கையால்தான். கேரட், வெங்காயம், மிளகாய் கலந்த பச்சடி கூடவே வரும். சைவர்களுக்கு பீன்ஸ் பன்னி அருமையாக இருக்கும். காரம் நம் காரம்தான், சில கடைகளில் அதற்கும் மேலே. பிரியாணியும் கிடைக்கும், அதில் பருப்பு கலந்திருக்கும்; தவறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், டர்பன் வழக்கமே அது.

விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையில் மசாலாப் பொடி குவியல் குவியலாக இருக்கும். அதை ஒட்டிய வார்விக் சந்தைகள் நெரிசலானவை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போங்கள். தனியாகப் போனால் நடந்து கடந்துவிடுவீர்கள், அவரோடு போனால் மூலிகை விற்பவரோடும் சோளம் அவிப்பவரோடும் பேசுவீர்கள்.

ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் இனாண்டா பக்கம் வண்டி வைத்துக்கொண்டு போய்வாருங்கள். காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும், 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா வாழ்க்கையில் முதல்முறையாக வாக்களித்த ஓலாங்கே பள்ளியும் அருகருகே இருக்கின்றன. இதற்கும் வழிகாட்டியோடு போவதே நல்லது. அரை நாள்தான் இருக்கிறது என்றால் 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. பெரிய மரங்களும் நிழலும், பெரியவர்கள் உட்கார இடமும் உண்டு.

9. கிளம்பும் நாள்

வாங்கிய பொருட்களுக்கு 15 சதவீத வரி கட்டியிருப்பீர்கள். மொத்தம் 250 ராண்டுக்கு மேல் போய், நாட்டை விட்டு எடுத்துச் செல்லும் பொருளாக இருந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். கடையில் சாதாரணச் சீட்டு போதாது, வரி ரசீது என்று கேட்டு வாங்குங்கள். பொருளையும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அதனால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்தக் கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள். மசாலாப் பொட்டலங்களை இரண்டு உறையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். விமானம் மதியத்துக்கு மேல் என்றால் கடைசிக் காலையையும் விட வேண்டாம். விடியலில் நார்த் பீச் பாலத்தின் முனை வரை நடந்துவிட்டு, எட்டு மணிக்குள் குளித்துக் கிளம்பினால் விமான நிலையத்துக்கு நேரம் தாராளமாக இருக்கும்.